புரியாதவர்களுக்கான முதல் பெஞ்சு

ஜெசிந்தா மிஸ்ஸின் படம் எங்கள் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்தது. மஞ்சள் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தார். படத்தைச் சுற்றிப் பூக்கள். அதற்குக் கீழே மூன்று பேர் கேக் படம் போட்டிருந்தார்கள். ஒருவன், "ட்ரீட் எப்போ மிஸ்?" என்று கேட்டிருந்தான். நானும் பிறந்தநாள் என்றுதான் நினைத்தேன். பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெற்கிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்காரும் முத்துச்செல்வியிடமிருந்து குரல் பதிவு வந்தது. முதலில் லாரிச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் அவள் குரல். "ஏட்டி கீர்த்தனா, மிஸ்ஸு போயிட்டாவளாம். விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னு சொல்லிருக்காவ. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிட்டாம்." கேக் படங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

அந்தப் படத்துக்குச் சற்று மேலே, முந்தைய நாள் மாலை மிஸ் அனுப்பிய கடைசிச் செய்தி அப்படியே இருந்தது. பதினொன்றாம் வகுப்பு பயாலஜி குரூப்பில் யார் யாருக்கு இடம் என்ற பட்டியல் அது. கடைசி இடத்துக்கு நேராக மட்டும் இரண்டு பெயர்கள். என்னுடையதும் முத்துச்செல்வியுடையதும். அடியில், "ரெண்டு பேரும் சமம். நாளைக்கு ஸ்கூலுக்கு வாங்க, பேசலாம்" என்று எழுதியிருந்தார். அந்த 'நாளைக்கு'தான் அன்றைய காலை. ஒரு பக்கச் சடையைப் பின்னி முடித்து, மறுபக்கம் பின்னாமல், கையில் போனோடு நின்றேன். பள்ளிக்குப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போனால் யாரிடம் பேசுவது என்றும் தெரியவில்லை.

மிஸ்ஸிடம் படித்தவர்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடம் சாலையை ஒட்டிய எங்கள் பள்ளியில் அவர் கணக்கு ஆசிரியை. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் கவிழ்க்காமல் வைப்பார். எங்களிடம் பிடுங்கிய பொருள்கள் எல்லாம் அதற்குள் போகும். ஒரு நாள் அதிலிருந்து கம்மல், மாங்காய்த் துண்டு, கார் பொம்மை, பாதி லிப்ஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்து, "இத்தினியும் என் தலையில கட்டிக்கினு வூட்டுக்குப் போறேன் தெனம்" என்றார். கன்டெய்னர் லாரி போகும்போது பாடத்தைப் பாதி வார்த்தையில் நிறுத்துவார். லாரி போனதும் மீதி வார்த்தையிலிருந்து தொடங்குவார். சலித்துக்கொண்டதே கிடையாது. நாங்கள்தான் முதல் பாதியை மறந்துவிடுவோம்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் பெஞ்சு புரியாதவர்களுக்கு. பாடம் முடிந்ததும், "புரியலன்னு சொல்றவங்க முன்னாடி வாங்க, புரிஞ்சவங்க எடம் குடுங்க" என்பார். உடனே வகுப்பே எழுந்து பைகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாறும். அதனால் எங்கள் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருவது பெருமையும் இல்லை, தண்டனையும் இல்லை. ஒருமுறை வந்த ஆய்வாளர் முதல் பெஞ்சிலிருந்தவர்களைக் கேள்வி கேட்டுவிட்டு முகம் சுளித்தார். மிஸ் பதறவில்லை. "சார், அவங்களுக்குப் புரியலன்னுதான் அங்க உக்காந்துக்கினு இருக்காங்க. பின்னாடி கேளுங்க" என்றார்.

இப்போது எல்லோரும் பேசிக்கொள்ளும் அந்த ரேங்க் முறைக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் குரூப் ஒதுக்கும்போது பாதி எடை பொதுத்தேர்வுக்கு, பாதி எடை பள்ளியில் ஆண்டு முழுதும் வைக்கும் தேர்வுகளுக்கு. பொதுத்தேர்வு மூன்று பிரிவுக்கும் ஒன்றே. பள்ளித் தேர்வு அப்படி இல்லை. 'ஏ' பிரிவு ஆசிரியர் அரை மார்க்குக்கும் யோசிப்பார். 'சி' பிரிவு ஆசிரியர் படம் அழகாக இருந்தாலே மார்க் போடுவார். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் சண்டை போட்டார்கள். அந்தப் பொறுப்பு ஜெசிந்தா மிஸ்ஸிடம் வந்தது. அவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பள்ளித் தேர்வின் மார்க்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவை காட்டிய வரிசையை மட்டும் வைத்துக்கொண்டார். "மார்க் போடற கை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. இறுக்கும், எளகும். ஆனா யாருக்கு முன்னாடி யாருன்னு சொல்றதுல அவ்ளோ தப்பு வராது" என்பது அவருடைய வாதம்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வகுப்பே முதல் பெஞ்சுக்கு வரப் பார்த்தது. மிஸ் எங்களைக் கம்ப்யூட்டர் லேப் வாசலுக்கு அழைத்துப் போனார். உள்ளே போகும்போது ஷூவைக் கழற்றி வெளியே விடுவோம் இல்லையா, அந்த இடம். ஐந்து பேரைப் பள்ளி ரேங்க் வரிசையில் நிற்க வைத்தார். முதலில் நிவேதா, நடுவில் நான், எனக்குப் பின்னால் முத்துச்செல்வி, கடைசியில் சதீஷ். சதீஷ் கணக்கில் புலி. ஆனால் ஒரு அசைன்மெண்ட்டும் கொடுத்ததில்லை.

"ஷூ அளவுதான் பொதுத்தேர்வு மார்க்குனு வச்சுக்கோங்க. ஒரு கால்ல உன் ஷூவே இருக்கட்டும். அது நீ எழுதின பரீட்சை. இன்னொரு கால் ஷூவை எல்லாரும் கழட்டுங்க. இதுங்கள்ல பெருசு எதுவோ அது வரிசைல மொத ஆளுக்கு. அடுத்த பெருசு ரெண்டாவது ஆளுக்கு. அதான் உங்க ஸ்கூல் மார்க்."

சதீஷின் படகு போன்ற ஷூ நிவேதாவின் சின்னக் காலுக்குப் போனது. நிவேதாவின் குட்டி ஷூ சதீஷுக்கு வந்தது.

"மிஸ், என் காலு இன்னா பாவம் பண்ணுச்சு?"

"வருஷம் பூரா அசைன்மெண்ட் குடுத்திருந்தா இந்தக் கால் தப்பிச்சிருக்கும்டா."

முத்துச்செல்வியின் ஷூ என்னுடையதைவிடப் பெரியது. அது எனக்கு வந்தது. என்னுடையது அவளுக்குப் போனது. குதிகாலை மடக்கி நுழைத்துக்கொண்டு, "ஏட்டி, உன் ஷூல எலி கூட நிக்காது" என்றாள். ஐந்து பேரும் வராந்தாவில் நொண்டி நொண்டி நடந்தோம். மற்றவர்கள் விசில் அடித்தார்கள். மிஸ், "நல்லா நடங்க. உங்களது இல்லாததும் உங்க காலுக்கு வரும். பழகிக்கோங்க" என்றார். அன்று நாங்கள் சிரித்ததோடு சரி. நானும் முத்துச்செல்வியும் அப்போது என்ன ஆனோம் என்று இருவருமே கவனிக்கவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் வேலை செய்கிறார். "எங்க அப்ரைசல் மாதிரி சொல்லு. சூப்பர்வைசர் யாருக்கப்புறம் யாருன்னு போடுவாரு. எவ்ளோன்னு கம்பெனி முடிவு பண்ணும்" என்றார். புரிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆனா நல்லா வேல செய்றவனுக்கு ஏன் வர மாட்டேங்குதுன்னு மட்டும் புரியல. உங்க மிஸ்ஸாண்ட கேட்டுச் சொல்லு" என்றார். நான் கேட்கவில்லை.

வரிசை மட்டும்தான் கணக்கு என்று தெரிந்ததும் எங்கள் பிரிவுக்கு ஒரு யோசனை வந்தது. அது சதீஷின் யோசனை. கடைசித் திருப்புதல் தேர்வில் எல்லோரும் வெற்றுத்தாள் கொடுத்தால் எல்லோருக்கும் பூஜ்யம். பழைய வரிசை கலையாது. ஒருவரும் படிக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளியைத் தவிர வேறெங்கும் பிள்ளைகள் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருக்க முடியாது. எல்லோரும் தாளில் பெயரை மட்டும் அழகாக எழுதிக் கொடுத்தோம்.

மிஸ் விடைத்தாள் கட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தோம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எல்லாரும் பூஜ்யம். அதனால எல்லாரும் மொத ரேங்க். எல்லாரும் கடைசி ரேங்கும் கூட. வூட்ல எதைச் சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். பிறகுதான் முகம் மாறியது. "வரிசை அப்டியே இருக்கும், சரி. படிக்காம போனா பொதுத்தேர்வுல எல்லார் ஷூவும் சின்னதாயிடுமே? அப்புறம் எந்த ஷூவைப் பிரிச்சுத் தர்றது?" யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

அந்தத் தேர்வுக்கு மார்க் இல்லாததால் எங்களையே வெளியே வரிசையில் நிற்கச் சொன்னார். "எனக்குத் தெரியாது. யாருக்கு முன்னாடி யாருன்னு நீங்களே நில்லுங்க." தள்ளுமுள்ளு நடந்தது. "நீ போடி", "ஏய், போன டெஸ்ட்ல நான்தான்டா" என்று கத்தல். ஓய்ந்தபோது பழைய வரிசைதான் ஏறக்குறைய வந்திருந்தது. ஏழாவதாக நான், எட்டாவதாக முத்துச்செல்வி. சதீஷ் மட்டும் யாரும் தள்ளாமலே போய்க் கடைசியில் நின்றான்.

"ஏன்டா அங்க?"

"நான் ஐடிஐ போறேன் மிஸ். இந்த வரிசைல நின்னு இன்னா பண்ணப் போறேன்?"

மிஸ் அவன் கையைப் பிடித்து இழுத்து, வரிசைக்கு வெளியே வேப்பமரத்தின் பக்கம் நிறுத்தினார். "கடைசில நிக்கிறது வேற, வேற வரிசைல நிக்கிறது வேற. கலக்காத" என்றார். சதீஷுக்குக் காது சிவந்துவிட்டது.

பொதுத்தேர்வு முடிவு வந்தபோது எங்கள் பிரிவில் நான் எட்டாவது. முத்துச்செல்வி ஏழாவது. நான் நானூற்று ஐம்பத்திரண்டு, அவள் நானூற்று அறுபத்தெட்டு. பள்ளி வரிசையில் நான் முன்னால், பொதுத்தேர்வில் அவள் முன்னால். மிஸ்ஸின் முறைப்படி, பள்ளி வரிசையில் ஏழாவதாக இருந்த எனக்கு ஏழாவது பெரிய மார்க் பள்ளி மார்க்காக வர வேண்டும். அது அவள் எடுத்த நானூற்று அறுபத்தெட்டு. அவளுக்கு என் நானூற்று ஐம்பத்திரண்டு. பாதிப் பாதி சேர்த்தால் இருவருக்கும் நானூற்று அறுபது. பயாலஜி குரூப்பில் மிச்சமிருந்தது ஒரே இடம்.

மிஸ் இறந்த அன்று, பள்ளிக்குப் போகாமல் அவர் வீட்டுக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். வாசலில் பந்தல். அவருடைய கணவர் கம்பெனிச் சட்டையோடே நின்றிருந்தார். ஷிஃப்ட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். ஹெல்மெட் ஒரு நாற்காலியில் இருந்தது. அதன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அழ வேண்டிய நேரத்தில் என் மூளை வேறு ஏதோ செய்துகொண்டிருந்தது. அவள் என்னைவிட ஒரு மார்க் மட்டும் அதிகம் எடுத்திருந்தால்? சமம். முப்பது மார்க் அதிகம் எடுத்து எங்கள் இடங்கள் அப்படியே இருந்திருந்தால்? அப்போதும் சமம். எத்தனை எண்களைப் போட்டுப் பார்த்தாலும் நாங்கள் சமமாகவே வந்தோம். திரும்பும் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்.

"அதான் அன்னிக்கே லேப் வாசல்ல காட்டினாவளே" என்றாள் முத்துச்செல்வி. "உன் ஒரு கால்ல என் ஷூ, என் ஒரு கால்ல உன் ஷூ. ரெண்டு பேரும் ஒரே சோடியைத்தான போட்டு நடந்தோம்."

"அப்போ நீ அதிகமா எடுத்ததுக்கு இன்னா அர்த்தம்?"

"என்னட்டி எங்கிட்ட கேக்க? நீ வருசம் பூரா முன்னால நின்னதுக்கு என்ன அர்த்தம்?"

தண்டலம் நிறுத்தம் வரை இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். மிஸ்ஸுக்கு இது முன்பே தெரியுமா, அல்லது பட்டியல் போட்ட மாலையில்தான் தெரிந்ததா? அதைத்தான் கேட்கப் போயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்த வாரம் தலைமை ஆசிரியை எங்களைக் கூப்பிட்டார். அவர் அறையில் மூன்று விதமாகப் பேசினார்கள். வயதில் மூத்தவருக்குக் கொடுப்பதுதான் வழக்கம் என்றார் அலுவலகத்துக்காரர். பொதுத்தேர்வில் அதிகம் எடுத்தவளுக்கு என்றார் அறிவியல் ஆசிரியர். ஆண்டு முழுதும் உழைத்தவளுக்கு என்றார் 'ஏ' பிரிவு ஆசிரியர். ஒவ்வொருவர் பேசும்போதும் அதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. நான் அவளைவிட மூத்தவள் என்பதால் முதல் நியாயமும் மூன்றாவதும் எனக்குச் சாதகம், நடுவில் உள்ளது அவளுக்கு. ஆனால் சாதகம் பாதகம் பார்க்காமல் யோசித்தாலும் எனக்கு விளங்கவில்லை. தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி, "ஜெசிந்தா இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, எங்களைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார்.

வராந்தாவில் நின்றோம். முத்துச்செல்வி சொன்னாள். "மிஸ்ஸு இருந்தா என்ன சொல்லுவாவ? நீங்களே நில்லுங்கன்னுதான சொல்லுவாவ?"

"நில்லு அப்போ."

"நீ நில்லு முதல்ல."

இருவரும் ஒரே நேரத்தில் நகர்ந்து இடித்துக்கொண்டோம். பக்கவாட்டில் நின்றோம். மறுபடி நகர்ந்தோம். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஆயாம்மா, "இன்னாங்கடி, ரேஷன் கடையா இது? வழி வுடுங்க" என்று நடுவில் புகுந்து போனார். சிரித்துவிட்டோம். மிஸ் போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் முறை. சிரித்து முடித்ததும் இருவருக்கும் அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு எதுக்கு பயாலஜி?" என்று கேட்டேன். இரண்டு ஆண்டுகளாக ஒன்றாக உட்கார்ந்தும் நான் இதைக் கேட்டதில்லை.

"நர்சிங் போணும். எங்க ஊர்ல பெரியம்ம நர்சு. இங்க வந்ததுல இருந்து ஒடம்புக்கு முடியாத எங்கம்மைக்கு நான்தான் நர்சு. உனக்கு எதுக்கு?"

நான் பதில் சொல்லப் பார்த்தேன். அப்பா சொன்னார், அத்தை சொன்னார், நன்றாகப் படிக்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் எடுக்கிறார்கள். இவை எதுவும் என் பதில் இல்லை. வரலாற்றுப் புத்தகத்தைப் பள்ளி திறப்பதற்கு முன்பே படித்து முடித்துவிடுகிறவள் நான். ஆனால் அது ஒரு காரணம் ஆகுமா என்று அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. "தெரியல" என்றேன்.

"தெரியலன்னா முதல் பெஞ்சுக்குப் போ" என்றாள் முத்துச்செல்வி, மிஸ்ஸின் குரலில்.

அப்போது நான் அவளுக்குப் பின்னால் போய் நிற்கவில்லை. பக்கவாட்டில், சுவர் ஓரமாக, வரிசைக்கு வெளியே நகர்ந்து நின்றேன். உள்ளே போய், "எனக்கு காமர்ஸ், ஹிஸ்டரி உள்ள குரூப் போதும் மேடம்" என்றேன். "விட்டுக்கொடுக்கிறியாம்மா?" என்று தலைமை ஆசிரியை கேட்டார். இல்லை என்று சொன்னேன். வேறு என்ன என்று அவர் கேட்கவில்லை.

அப்பா கேட்டார். "சமமா வந்துட்டு ஏம்மா வுட்ட? லைன்ல நின்ன எடத்த வுட்டு நகந்தா திரும்பக் கெடைக்காது, தெரியுமா?" தெரியும் என்றேன். கடைசியில் நிற்பது வேறு, வேறு வரிசையில் நிற்பது வேறு என்று மிஸ் சொன்னதையும் சொன்னேன். "அது சரி. எது எதுன்னு எப்டித் தெரியும்?" என்றார் அப்பா. அப்பாவின் கேள்விகளை எல்லாம் மிஸ்ஸிடமே கேட்டிருக்கலாம்.

நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சில நாள் பயாலஜி லேப் வாசலில் கழற்றி விட்ட ஷூக்களுக்கு நடுவில் முத்துச்செல்வியுடையதைப் பார்க்கும்போது அதன் பக்கத்தில் என் காலை வைத்துப் பார்க்கிறேன். அது பொறாமையா, நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சில நாள் வரலாறு வகுப்பில் மணி அடித்ததுகூடக் காதில் விழுவதில்லை. இந்த இரண்டையும் பாதிப் பாதியாகச் சேர்த்தால் என்ன வரும் என்று கணக்குப் போட எனக்கு முறை தெரியாது. மிஸ்ஸுக்கும் தெரிந்திருக்குமா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. "ரெண்டு பேரும் சமம்" என்று எழுதியதோடு அவர் நிறுத்திக்கொண்டாரே. அதற்கு மேல் 'பேசலாம்' என்றுதானே எழுதினார்.

மிஸ்ஸின் ஹெல்மெட், ஸ்கூட்டர், பாதியில் நின்ற வார்த்தைகள் எல்லாம் அவற்றுக்கு உரியவர்களிடம் இருக்கட்டும். எனக்கு அவரிடமிருந்து ஒன்று போதும். புது வகுப்பில் முதல் நாள் முதல் பெஞ்சு காலியாக இருந்தது. புரிந்தவர்களும் புரியாதவர்களும் பின்னால் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தேன். கணக்குப்பதிவியல் ஆசிரியர் பற்று, வரவு என்று கரும்பலகையை நிரப்பிவிட்டுத் திரும்பி, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார். பின்னாலிருந்து எல்லோரும் "புரிஞ்சுது சார்" என்றார்கள். வெளியே ஒரு கன்டெய்னர் லாரி போனது. அது போய் முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.

"எனக்குப் புரியல சார்."